திருப்பதிக்குப் போகாத மொட்டை

ஆரம்பாக்கம்,
கார்த்திகை முதல் வாரம்.

அன்பு மகள் அருணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா முழு நலம், நான் முக்கால் நலம், மாடும் வயலும் தெருவும் நலம். டென்மார்க்கில் நீ நலமா, குளிருக்குக் காதை மூடுகிறாயா, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக பிஸ்கட் தின்பதை நிறுத்தினாயா என்று மூன்று கேள்வி, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ‘ம்’ போட்டால் மதிப்பெண் கிடையாது. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. மருந்தினால் விரல் நுனி மரத்துப் போயிருக்கிறது, கையில் பேனா இருப்பது பார்த்தால்தான் எனக்கே தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளிடம் கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கிறாயே என்று சொல்லியிருப்பேன், இப்போது என் எழுத்துக்கு அந்தக் கோழியே தேவலை. போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நாம் பேசுவது எங்கே பேச்சு, நீ மூக்கை உறிஞ்ச, நான் முக்காட்டைச் சரிசெய்ய, அப்பா நடுவில் புகுந்து ‘ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல’ என்று சொல்ல, அதோடு வைத்துவிடுகிறோம். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், அவசரப்படாமல் படி.

மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போன வாரம் சொன்னாய். அந்த வேலைக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், கும்மிடிப்பூண்டி கம்பெனியில் காற்றாலை இறக்கைக்கு நடுவில் நின்று ஷிப்ட் முடித்து, துப்பட்டா முழுக்க பிசின் நாற்றத்தோடு வந்து, சாப்பிடாமல் டென்மார்க் வேலைக்கான பரீட்சைக்குப் படித்தவள் நீ. விட்டுவிட்டு வந்தால் அந்த நாட்டில் வேலை செய்கிற அனுமதியும் போய்விடும், மறுபடி கிடைப்பது லேசில்லை என்றும் நீயேதான் சொன்னாய். அப்புறமும் வருகிறேன் என்பதற்கு நீ சொன்ன காரணம் ஒன்றுதான், “நீங்க ரெண்டு பேரும் எனக்கு உண்மைய சொல்ல மாட்றீங்க, நேர்ல வந்து பார்த்தாதான் எனக்கு இன்னான்னு தெரியும்.” நியாயமான புகார்தான். அதனால் இந்தக் கடிதத்தில் ஒன்றையும் விடாமல் எழுதப் போகிறேன். படித்து முடித்த பிறகு ராஜினாமா கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய், அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் கை வைக்காதே.

முதலில் அந்த நாலு. நாலாம் நிலை என்ற சொல்லைக் கேட்டதும்தானே நீ இணையத்தைத் தேடித் தேடி அழுதாய். டி.வி.யில் மழைச் செய்தி சொல்கிறவர் பொன்னேரியில் மழை, ஊத்துக்கோட்டையில் மழை, கும்மிடிப்பூண்டியில் மழை என்பார். மழை எங்கெங்கே போயிருக்கிறது என்பதுதான் அதில் தெரியும், எப்போது விடும் என்பது தெரியாது. இதுவும் அப்படித்தான். சினைப்பையில் ஆரம்பித்தது வயிறு முழுக்கப் பரவி, அங்கும் நுரையீரல் ஓரத்திலும் நீர் கோக்கும் வரைக்கும் போயிருக்கிறது என்ற செய்தி அது. நல்ல செய்தி இல்லை, அப்படிச் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அது தேதி போட்ட சீட்டும் இல்லை. டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள், நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன் டீச்சர். அடக்கி வைக்கலாம். திரும்ப வந்தா வேற மருந்து இருக்கு, அதையும் பார்க்கலாம்” என்றாள். பாதி மருந்து ஏறிய பிறகு எடுத்த ஸ்கேனில் வயிற்று நீர் வற்றியிருக்கிறது, கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. அதைச் சொல்லும்போது அவளுக்கே முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அவளைப் பார்த்துத்தான் சந்தோஷம், நம் பரீட்சை முடிவை வாத்தியார் சிரித்துக்கொண்டே நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

முடி ஏன் கொட்டுகிறது, நாக்கு ஏன் புண்ணாகிறது, கட்டிக்குத்தானே மருந்து என்று கேட்டிருந்தாய். எங்கள் பள்ளியில் முன்பு ஒரு ஹெட்மாஸ்டர் இருந்தார். வகுப்பில் சத்தம் கேட்டால் பிரம்போடு உள்ளே வருவார், யார் கத்தியது என்று விசாரிக்கமாட்டார், துள்ளிக்கொண்டிருக்கிற அத்தனை பேர் முதுகிலும் ஒன்று வைத்துவிட்டுப் போவார். இந்த மருந்தும் அவரைப்போலத்தான். உடம்பில் எதெல்லாம் வேகமாகத் துள்ளி வளர்கிறதோ எல்லாவற்றையும் அடிக்கும். கட்டி துள்ளுகிறது, அதோடு பாவம் முடியும் துள்ளுகிறது, நாக்கின் தோலும் இரத்த அணுக்களும் துள்ளுகின்றன. நல்ல பிள்ளைகள் இரண்டு வாரத்தில் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்துவிடும், கட்டி அவ்வளவு சீக்கிரம் எழாது, அந்த வித்தியாசத்தில்தான் வைத்தியம் நடக்கிறது.

மருந்து ஏற்றும் நாள் உண்மையில் நல்ல நாள், நீ நம்பமாட்டாய். விடியற்காலை ரயிலில் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஏறினால் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி ஆட்கள் எல்லாம் இறங்கி, பொன்னேரி வரைக்கும் பெட்டி காலியாக இருக்கும், அப்பா எதிர்ப்பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டு யார் வயலில் களை அதிகம் என்று எனக்கு அறிக்கை வாசிப்பார். ஆஸ்பத்திரி வார்டில் வரிசையாக சாய்வு நாற்காலிகள். எனக்கு அடுத்த நாற்காலி சந்திரமோகனுக்கு, காக்களூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், அவருக்குக் குடலில். பாட்டிலை மாட்ட நர்ஸ் வந்தால், “சிஸ்டர், எனக்கு ஒரு ஸ்ட்ராங்கு, டீச்சருக்கு ஒரு லைட்டு, சக்கரை கம்மியா” என்பார். ஒருநாள் என்னிடம் ரகசியம் கேட்பதுபோல, “டீச்சர், இதுல பெயிலானா மறுபரீட்சை உண்டா?” என்று கேட்டார். உண்டு, அதைத்தான் டாக்டரம்மா வேறு மருந்து என்கிறாள் என்றேன். “அப்ப அரியர் வெச்சாவது பாஸ் பண்ணிடலாம், நம்ம பையன் அப்படித்தான் பண்ணான்” என்று கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிட்டார். வாந்தி வராமல் இருக்க முதலில் ஒரு ஊசி போடுகிறார்கள், அதில் பசி பிய்த்துக்கொண்டு வரும். திரும்பி வருவது வாடகைக் காரில், புதுவாயலில் நிறுத்தச் சொல்லி, ஆவி பறக்க இட்லி வாங்கிக் காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். என்னை அந்த வேளையில் பார்க்கிறவர்கள் அப்பாவுக்குத்தான் உடம்பு சரியில்லை என்பார்கள்.

கெட்ட நாள் அதற்கு அடுத்த நாட்களில் வருகிறது. எலும்புக்குள் யாரோ சாணை பிடிப்பதுபோல் வலி, வாயில் இரும்புச் சுவை, சாதமும் இரும்பு, மோரும் இரும்பு, நம் கும்மிடிப்பூண்டி உருக்காலையை வாயில் வைத்ததுபோல. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். ஒருநாள் குளியலறைத் தரை குளுகுளுவென்று இருக்கிறது என்று அங்கேயே படுத்துவிட்டேன், அப்பா தலையணையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார், எழுந்திரு என்று சொல்லவில்லை. அன்றைக்கு அழுதேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் பொன்னேரியில் கல்யாணம், அம்மா போனை வீட்டிலேயே மறந்துவிட்டாள் என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. எனக்குக் காய்ச்சல், வெள்ளை அணுக்கள் குறைந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சரியாகித்தான் வீட்டுக்கு வந்தேன். கல்யாணத்தில் பந்தியில் என்ன போட்டார்கள் என்று நீ கேட்டதற்கு அவர் பிரியாணி என்று வேறு சொல்லியிருக்கிறார்.

போனில் எப்படியோ சமாளித்துவிட்டார், நேரில் உன் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, ஆனால் அந்த நோயின் பெயரும் வாயில் வராது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவர் செய்த கூத்தைக் கேள். இரண்டாவது வாரமே முடி சீப்போடு வர ஆரம்பித்தது, கொத்துக் கொத்தாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சலூன்காரரை வீட்டுக்கே வரச்சொல்லி மழித்துக்கொண்டேன். தலை நன்றாக உருண்டையாகவே இருக்கிறது. உரித்த நுங்கு மாதிரி இருக்கிறாய் என்றார் அப்பா. மறுநாள் காலை முக்காடு இல்லாமல் கேட்டருகில் நின்றிருந்தேன், பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கங்கம்மாள் கூடையோடு வந்து நின்றுவிட்டாள். “இன்னா டீச்சரம்மா, சொல்லாம கொள்ளாம திருப்பதிக்குப் போய்க்கினு வந்துட்டீங்க?” நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து உன் அப்பா, “ஆமா ஆமா, திடீர்னு கெளம்பிட்டோம்” என்றார். அவள் உடனே கையை நீட்டினாள், “அப்ப லட்டு?” இவர் சட்டென்று, “வருது” என்றார். “வருதா? தனியா பஸ் ஏறி வருதா நைனா?” என்று கேட்டுவிட்டு சிரித்துக்கொண்டே போனாள். நம் தெருவைப் பற்றி உனக்குத் தெரியும், எல்லையில் இருக்கிறோம், திருப்பதி நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி, போய்வந்தவர்கள் லட்டைப் பிட்டு வீட்டுக்கு வீடு கொடுக்காவிட்டால் அது கொலைக்குற்றம். சாயங்காலத்துக்குள் எதிர்வீடு, மூலைவீடு, மாவு மில் எல்லாம் விசாரித்துவிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டி ஸ்வீட் கடையில் லட்டு வாங்கிப் பிட்டுக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. பச்சைக் கற்பூர வாசனை எங்கேயிருந்து வரும், கங்கம்மாள் மூக்குக்கு முன்னால் அது நிற்குமா, அவள் செவுளைத் தூக்காமலே மீனுக்கு வயது சொல்கிறவள் என்றேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாள் யூரியா வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார், அது நான் தெம்பாக இருந்த வாரம், சரி என்றேன். மத்தியானம் போன், “இங்க ஸ்டாக் இல்லியாம், தடா வரைக்கும் போய்ப் பாக்கறேன்.” சாயங்காலம் மறுபடி போன், “தடாலயும் இல்ல, காளஹஸ்தில இருக்குதாம்.” யூரியாவுக்கு இவ்வளவு பஞ்சமா என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் வந்து நிற்கிறார், கையில் லட்டுப் பை, தலையில் ஒரு முடி இல்லை, மேலே மஞ்சளாகச் சந்தனம். மீசையும் போயிருந்தது. அருணா, மீசையில்லாத உன் அப்பாவை நீ பார்த்ததே இல்லை, நானும் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை, யாரோ பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் சிரித்தேன் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த வயிற்றைத்தான், வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “பொய்யா அவன் பேரைச் சொல்லிட்டேன். சும்மா இருந்தா நல்லாருக்குமா? அதான் என் முடியக் குடுத்துட்டு வந்தேன். இப்ப நம்ம ஊட்லருந்து ஒருத்தர் போய்க்கினு வந்தது நெஜந்தானே” என்றார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “எங்க வேண்டறது, கூட்டத்துல தள்ளிக்கினே போயிட்டாங்க” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, தள்ளுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருக்கிறார்.

லட்டு வந்ததால் பிரச்சினை தீரவில்லை, கூடிவிட்டது. அடுத்த நாள் கங்கம்மாள் வந்து அப்பா தலையைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். “அம்மா ஒரு நாளு, அய்யா ஒரு நாளா? முறை வெச்சிக்கினு போறீங்களா? ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்று கேட்டாள். அப்பா மாட்டைப் பார்க்கப் போவதுபோல நழுவினார். நான் ஒரு துண்டு லட்டை அவள் கையில் வைத்தேன், வைத்துக்கொண்டே சொன்னேன், கங்கம்மா, எனக்குக் கேன்சர், முடி மருந்தால் போனது, அவர் முடி எனக்காகப் போனது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் லட்டைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மென்று முடித்த பிறகு, “இத்த சொல்றதுக்கா ரெண்டு மொட்டை?” என்றாள். அருணா, அந்த நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து என் மனதில் இருந்த பாரத்தில் பாதி அந்த ஒரு கேள்வியில் இறங்கிவிட்டது. சாயங்காலம் தெருவுக்கே தெரிந்தது. ஒருத்தர் பப்பாளி இலை, ஒருத்தர் சீத்தா இலை என்று கொண்டுவந்தார்கள், டாக்டரம்மா கண்டதையும் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், மறுத்தால் வருத்தப்படுவார்கள் என்று அப்பா வாங்கி மாட்டுக்குப் போட்டுவிடுகிறார். மாடு நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல வந்ததே அடுத்ததைச் சொல்லத்தான். கெட்ட நாட்களில் மீன் வாசனை எனக்கு ஆகாது. அது தெரிந்ததிலிருந்து கங்கம்மாள் தெருமுனையிலேயே நின்று கூப்பிடுகிறாள், “டீச்சரம்மோவ், வரட்டா வாணாவா?” வா என்றால் வருவாள், வேண்டாம் என்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள், அவளுக்கு அது எவ்வளவு கூடுதல் நடை என்று உனக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒருநாள் அவள் மனம் கோணக்கூடாதே என்று வா என்று சொல்லிவிட்டு, அவள் கண் முன்னாலேயே வாந்தி எடுத்தேன். “மரியாதிக்கு வான்னு சொல்லாதீங்க, அப்புறம் உங்க பேச்சை எப்படி நம்பறது?” என்று நன்றாகத் திட்டினாள். அன்றிலிருந்து நான் மரியாதைக்குப் பதில் சொல்வதில்லை. அவளும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

நமக்குள்ளும் இதே ஏற்பாடு இருக்கட்டும் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ போன் செய்து ஒரே கேள்வி கேள், அம்மா, நான் வரட்டுமா என்று. நான் உள்ளபடி பதில் சொல்வேன். அந்த நேரத்தில் அப்பா வயலுக்குப் போய்விட வேண்டும் என்று பேசியாகிவிட்டது, ஒத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்றால் நீ நிம்மதியாக உன் காற்றாலை இறக்கைகளைச் செய். நான் வா என்றால் ஏன், என்ன ஆயிற்று என்று கேட்காதே, அழுவதையும் விமானத்தில் வைத்துக்கொள், டிக்கெட்டை எடு. ஒருநாள் அப்படிச் சொல்ல வேண்டி வரும் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அதைத் தள்ளிப்போடாமல் சொல்வேன் என்பதுதான் நான் உனக்குத் தரும் வாக்கு. இப்போதே வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசி. இந்த நோய் என் முடியை வாங்கிக்கொண்டது, அப்பாவின் முடியையும் மீசையையும் வாங்கிக்கொண்டது, உன் வேலையையும் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்காக எனக்கு உன்னைப் பார்க்க ஆசை இல்லை என்று எண்ணாதே. உன் அறைக் கட்டிலில் ஈர நெல் மூட்டையை வைக்காதீர்கள் என்று அப்பாவோடு தினமும் சண்டை போடுகிறேன், போதுமா.

மறக்காமல் வெயில் இல்லாத ஊருக்கான அந்த விட்டமின் மாத்திரையைப் போடு. சைக்கிளில் போகும்போது கையுறை போடு, உனக்காவது விரல் நுனி உணர்வோடு இருக்கட்டும். உன் தோழிகளுக்கு என் ஆசிகளைச் சொல். நீ எந்தக் குறையும் இல்லாமல், நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக, எடுத்த வேலையைத் தலைநிமிர்ந்து முடிக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கான பதிலை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன், வேண்டாம். பொங்கலுக்குள் எனக்குக் கடைசி மருந்தும் ஏறியிருக்கும், நாக்கில் இரும்பு போயிருக்கும், கங்கம்மாளிடம் இறாலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். லீவு போட்டுவிட்டு, வேலையை விடாமல், பொங்கலுக்கு வா. இது மரியாதைக்குச் சொன்னதில்லை.

உன்னை நினைத்தபடி,
அம்மா
அஞ்சலாட்சி